வேறு ஆப் ஸ்டோருக்கு வழிவிடும் சட்டங்கள்: ஒரு மஞ்சள் விலைச் செயலியை வைத்து ஓர் ஒப்பீடு

ஆப்பிளும் கூகுளும் தங்கள் போனில் வேறு ஆப் ஸ்டோருக்கும் இடம் கொடுத்தாக வேண்டும் என்று ஐரோப்பாவும் ஜப்பானும் சட்டம் போட்டுவிட்டன. அமெரிக்காவில் அந்த வேலையை நீதிமன்றம் செய்தது. இந்தியாவில் உத்தரவு வந்தது. பாதி நிலைத்தது, பாதி போனது. சரவணம்பட்டியிலோ பெருந்துறையிலோ நாலைந்து பேர் சேர்ந்து செயலி எழுதி விற்கிறவர்களுக்கு இவற்றில் எது காசாகும், எது காகிதத்தோடு நிற்கும் என்று பார்க்கலாம்.

உரசிப் பார்க்க ஒரு கற்பனைச் செயலி. ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள், ஈரோடு, கோபி கூட்டுறவு சங்கங்கள் என நான்கு இடத்து ஏலத்தில் விரலி மஞ்சள் என்ன போச்சு, கிழங்கு என்ன போச்சு என்று குவிண்டால் விலையை அன்றன்றைக்குச் சொல்கிறது. மாதச் சந்தா, வரி நீங்கலாக ₹100.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மஞ்சளையே விற்றால் கூகுளுக்குக் கமிஷன் கிடையாது. திருப்பூர் பனியன் விற்கும் செயலிக்கும், நாமக்கல் லாரி வாடகை பிடிக்கும் செயலிக்கும் கிடையாது. கையில் தொட்டு வாங்கும் பொருள், நேரில் கிடைக்கும் சேவை எல்லாம் யுபிஐ-யில் நேராக வசூலிக்கலாம். விலைத் தகவல், பாடம், கதை, விளையாட்டு என்று போனுக்குள்ளேயே தீர்ந்துபோகும் சரக்குக்குத்தான் கமிஷன். இந்தச் சண்டை முழுக்க அதைப் பற்றியது.

பணம் வாங்கும் வழியை மட்டும் திறந்தால்

இந்த வழியை முதலில் சட்டமாக்கியது தென்கொரியா. 2021 ஆகஸ்டில் அங்கே வெளிக் கட்டண முறையைத் தடுக்கக் கூடாது என்று சட்டத் திருத்தம் நிறைவேறியது. கூகுள் இணங்கியது, தன் கமிஷனில் 4 சதவீதப் புள்ளி குறைத்துக்கொண்டது. ஆப்பிள் 26 சதவீதம் கேட்டது.

இந்தியாவிலும் கிட்டத்தட்ட இதே கதை. 2022 அக்டோபர் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், அதாவது சிசிஐ, பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காகக் கூகுளுக்கு ₹936.44 கோடி அபராதம் போட்டது. (2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான என்சிஎல்ஏடி அதை ₹216.69 கோடியாகக் குறைத்தது.) அதன்பின் இங்கே வந்த ஏற்பாட்டில் வாடிக்கையாளர் வேறு பேமென்ட் கேட்வேயில் (இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவை) பணம் கட்டலாம், ஆனால் கூகுளின் பங்கு 4 புள்ளிதான் குறையும்.

2025 நிலவரத்தை வைத்து மஞ்சள் செயலியின் கணக்கு: பிளே ஸ்டோர் கட்டணத்திலேயே வசூலித்தால் சந்தாவுக்கு 15 சதவீதம், ₹15 போகும். வெளி கேட்வே வைத்தால் கூகுளுக்கு ₹11, கேட்வேக்கு 2 சதவீதம் என்று வைத்தால் ₹2, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36 பைசா. மொத்தம் ₹13.36. மிச்சம் ₹1.64. அதற்காக இரண்டு கணக்கை ஒத்துப் பார்ப்பதும், பணம் திருப்பிக் கேட்பவர்களுக்கு நாமே பதில் சொல்வதும் கட்டுப்படியாகாது. 2024 மார்ச்சில் சிசிஐ இந்தக் கட்டண முறையையே மறுபடி விசாரிக்க உத்தரவிட்டதில் நியாயம் இருக்கிறது. அதே மாதம் 1-ஆம் தேதி, கட்டணத் தகராறில் பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி உள்ளிட்ட பல இந்தியச் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்தது. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாளில் திரும்ப வைத்தது. ஒரே கடையை நம்பியிருக்கும் தொழில் எவ்வளவு சீக்கிரம் நின்றுபோகும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஐரோப்பா: அனுமதி உண்டு, செலவும் உண்டு

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டப்படி பெரிய தளங்கள் 2024 மார்ச் 7-க்குள் இணங்க வேண்டியிருந்தது. ஆப்பிள் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17.4-இல் வேறு ஆப் ஸ்டோருக்கு அனுமதி கொடுத்தது. ஆல்ட்ஸ்டோர் பால் என்ற கடை 2024 ஏப்ரலிலும், ஃபோர்ட்நைட் விளையாட்டை எழுதிய எபிக் நிறுவனத்தின் எபிக் கேம்ஸ் ஸ்டோர் ஆகஸ்டிலும் வந்தன.

ஆனால் கடை வைக்க என்ன கேட்டார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பதிவான நிறுவனமாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் 10 லட்சம் யூரோவுக்கு வங்கி உத்தரவாதமும் கேட்டார்கள். செயலி வைப்பவர்களுக்கு, ஆண்டில் 10 லட்சம் பதிவிறக்கத்தைத் தாண்டிய ஒவ்வொரு முதல் பதிவிறக்கத்துக்கும் அரை யூரோ. கடை நடத்துபவருக்கோ அந்த 10 லட்சம் சலுகைகூட இல்லை. கடைச் செயலியின் முதல் பதிவிறக்கத்திலிருந்தே அரை யூரோ. அதனால்தான் ஆல்ட்ஸ்டோர் பால் ஆரம்பத்தில் ஆண்டுக்கு ஒன்றரை யூரோ வாங்கியது. பிறகு எபிக் கொடுத்த நிதியில்தான் இலவசமானது. கடைக்குள் நுழையவே காசு என்றால் யார் எட்டிப் பார்ப்பார்கள்?

அடுத்த தொல்லை திரைகள். எபிக் சொல்லும் கணக்குப்படி, அவர்கள் கடையை ஐபோனில் நிறுவ முன்பு 15 படி. தொடங்கியவர்களில் 65 சதவீதம் பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். ஐஓஎஸ் 18.6-இல் படிகள் குறைந்ததும் விட்டுப்போகிறவர்கள் 25 சதவீதம் அளவுக்கு இறங்கினார்கள். சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. திரை மாறியது, அவ்வளவே. இந்த ஒப்பீட்டில் நமக்கு மிகவும் உபயோகமான தகவல் இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

2025 ஏப்ரலில் வெளிக் கட்டண இணைப்பைத் தடுத்ததற்காக ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம். அதன்பின் அரை யூரோ முறைக்குப் பதில் 5 சதவீதக் கட்டணத்துக்கு மாறுவதாக ஆப்பிள் அறிவித்தது. அதற்குள் செட்ஆப் என்ற செயலிச் சந்தா நிறுவனம் தன் ஐபோன் கடையை 2026 பிப்ரவரியில் மூடுவதாகச் சொல்லிவிட்டது.

ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் திருப்பூர்க்காரர்கள் கவனிக்க: அங்கே உள்ள வாங்குபவரின் ஐபோனுக்கு வேறு கடை வழியே ஒரு செயலி கொடுத்தால், சாதாரணமாக அதை இங்கிருந்து நிறுவிப் பார்க்க முடியாது. ஆப்பிள் கணக்கின் நாடும், போன் இருக்கும் இடமும் ஐரோப்பிய ஒன்றியமாக இருக்க வேண்டும்.

ஜப்பான்

ஜப்பானின் ஸ்மார்ட்போன் மென்பொருள் போட்டிச் சட்டம் 2024 ஜூனில் நிறைவேறி, 2025 டிசம்பர் 18-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆப்பிள் ஐஓஎஸ் 26.2-இல் வேறு ஆப் ஸ்டோரை அனுமதித்தது. அவற்றின் வழியே நடக்கும் விற்பனைக்கு 5 சதவீதம். இணையதளத்திலிருந்து நேரடியாகச் செயலி இறக்கும் வழியை ஜப்பான் கட்டாயமாக்கவில்லை, ஐரோப்பா கேட்டிருந்தது. ஆரம்பத்திலேயே சதவீதக் கணக்கு இருப்பதால் சிறியவர்களுக்கு ஜப்பான் வழி மேல். விற்றால்தான் கொடுக்க வேண்டும். இலவசச் செயலி பிரபலமானால் கடனாளியாகும் பயம் இல்லை.

அமெரிக்கா எடுத்ததும் இந்தியா விட்டதும்

அமெரிக்காவில் ஐபோனுக்கு வேறு கடை வரவில்லை. ஆண்ட்ராய்டில் வந்த உத்தரவு பெரிது. எபிக் தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ சொன்னது: மூன்று ஆண்டுக்கு, போட்டிக் கடைகளையே பிளே ஸ்டோருக்குள் வைக்க விட வேண்டும், பிளே ஸ்டோரில் உள்ள செயலிகளின் பட்டியலைப் போட்டிக் கடைகளுக்கும் திறந்துவிட வேண்டும். 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நவம்பரில் எபிக்கும் கூகுளும் ஒரு சமரசத் திட்டத்தை நீதிமன்றத்தில் வைத்தார்கள்; அதில் போட்டிக் கடைகளைப் பதிவு செய்து, எளிதாக நிறுவவிடும் ஏற்பாடு இருக்கிறது.

பட்டியல் திறப்பு ஏன் முக்கியம்? புதுக் கடையில் வங்கிச் செயலி இல்லை, பஸ் டிக்கெட் செயலி இல்லை என்றால் ஆள் வரமாட்டார்கள். ஆள் வராத கடையில் செயலிக்காரர்களும் சரக்கு வைக்கமாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க முயன்ற ஒரே உத்தரவு இது.

போட்டிக் கடைகளைப் பிளே ஸ்டோருக்குள் அனுமதி என்று அமெரிக்காவுக்கு முன்பே சொன்னது இந்தியா. 2022 அக்டோபர் 20 அன்று ₹1,337.76 கோடி அபராதத்தோடு சிசிஐ பிறப்பித்த கட்டளைகளில் அதுவும் ஒன்று. 2023 மார்ச் 29 அன்று என்சிஎல்ஏடி அபராதத்தை நிலைநிறுத்தியது. ஆனால் இந்தக் கட்டளையையும், வெளியிலிருந்து செயலி நிறுவுவதைத் தடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்து நான்கு கட்டளைகளை நீக்கிவிட்டது. எங்கள் பார்வையில் நமக்குப் பெரிய இழப்பு அதுதான். டிஜிட்டல் போட்டி மசோதா 2024 மார்ச்சில் வரைவாக வந்தது. அதைச் சட்டமாக்கும்போது இந்தக் கட்டளையை மீண்டும் சேர்க்க வேண்டும். வெறும் கட்டண விதியோடு நிறுத்தினால் மறுபடியும் அந்த ₹1.64 தான்.

இன்றைக்கு இங்கே கையில் இருப்பவை

ஐபோனுக்கு இந்தியாவில் ஆப்பிளின் கடை ஒன்றுதான். ஆண்டுக்கு 99 டாலர். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் (ஒரே தடவை 25 டாலர்), போன்பே நடத்தும் இன்டஸ் ஆப் ஸ்டோர், சாம்சங் போனில் கேலக்ஸி ஸ்டோர், சொந்தத் தளத்தில் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பு). இன்டஸ் 2024 பிப்ரவரி 21-இல் வந்தது. தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் இருக்கிறது. நம் கேட்வேயையே வைத்தால் கமிஷன் இல்லை என்று அறிவித்திருக்கிறது. அப்படியானால் மஞ்சள் செயலிக்கு ₹100-இல் ₹2.36 மட்டும் போகும்.

கணக்கு நல்லாத்தான் இருக்கிறது. சிக்கல் கையெழுத்துச் சாவியில் வரும்; செயலி நம்முடையதுதான் என்று காட்ட அதில் மின்கையெழுத்துப் போடும் ரகசியக் கோப்பு அது. புதுச் செயலியைப் பிளே ஸ்டோரில் ஏற்றும்போது, நாம் ஒன்றும் மாற்றாவிட்டால், கூகுளே சாவியை உருவாக்கி வைத்துக்கொள்ளும். அது நம் கைக்கு வராது. இன்டஸுக்கு நம் சாவியில் கையெழுத்திட்ட ஏபிகே கொடுத்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆண்ட்ராய்டுக்கு அவை இரண்டு ஆட்கள். பிளேயில் இறக்கியவர் இன்டஸ் பதிப்புக்கு மாறினால் "செயலி நிறுவப்படவில்லை" என்று நிற்கும். பழையதை நீக்கிவிட்டுத்தான் போட முடியும். போனில் சேமித்த விலைக் குறிப்பெல்லாம் போய்விடும்.

இன்னொன்றும் நடக்கும்: இன்டஸ் பதிப்பில் கூகுள் லாகின் பிழை எண் 10 காட்டும், மேப் சாம்பல் கட்டமாக நிற்கும். இரண்டும் சாவியின் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் எண்ணை, பார்ப்பவை. கூகுளின் ஃபயர்பேஸ் சேவை அமைப்பில் இரண்டு சாவிகளின் எஸ்ஹெச்ஏ-1, எஸ்ஹெச்ஏ-256 கைரேகைகளையும் சேர்த்து, மேப் சேவைக்கான தனிச் சாவியின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் புதிய எஸ்ஹெச்ஏ-1-ஐப் போட்டால் சரியாகிவிடும். அறிவிப்புகள் இதனால் பொதுவாக நிற்காது.

ஆகவே முதல் நாளே செய்ய வேண்டியது: செயலி ஏற்றும் தளமான பிளே கன்சோலில் செயலி உருவாக்கும்போது சொந்தச் சாவியைக் கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கோப்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே கூகுள் சாவியில் வெளியிட்டிருந்தால், கன்சோலில் ஆப் பண்டில் எக்ஸ்ப்ளோரருக்குப் போய், பதிவிறக்கங்கள் பகுதியில் கையெழுத்திட்ட யுனிவர்சல் ஏபிகே எடுத்து மற்றக் கடைக்குக் கொடுக்கலாம். ஆனால் அதில் பிளே கட்டணமுறைதான் இருக்கும். கமிஷனை மிச்சப்படுத்த வந்த நோக்கம் கெடும். கட்டணப் பகுதியை மட்டும் மாற்றிய தனி பில்டு வேண்டும் என்றால் சொந்தச் சாவி இருந்தே ஆக வேண்டும். இரண்டு பில்டுக்கும் பதிப்பு எண் ஒரே வரிசையில் ஏறட்டும். குறைந்த எண் கூடின எண்ணின் மேல் ஏறாது.

ஆண்ட்ராய்டு 14 முதல், ஒரு செயலியை நிறுவிய கடை அதன் அப்டேட்டுக்கு உரிமை கோரலாம். அப்போது வேறு கடை அப்டேட் செய்யப் போனால் போன் பயனரைக் கேட்கும். "வேண்டாம்" என்று அழுத்திவிட்டு, விலை வரவில்லை என்று போன் போடுவார்கள். செயலிக்குள்ளேயே எந்தக் கடை வழியே வந்தது என்று காட்டி வைத்தால் பதில் சொல்வது சுலபம்.

வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்புவதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பிஎம் கிசான், போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலெல்லாம் ஏபிகே வந்து, போனின் எஸ்எம்எஸ்ஸைப் படித்து வங்கிப் பணத்தை எடுக்கும் மோசடி நம்ம பக்கம் விவசாயிகளையும் குறிவைக்கிறது. (பணம் போனால் உடனே 1930.) வேறு கடை என்றாலே ஆபத்து என்று ஆப்பிளும் கூகுளும் வாதிடுவது இதை வைத்துத்தான். வாட்ஸ்அப்பில் திரியும் கோப்பையும், செயலியைச் சோதித்து வைக்கும் ஒரு கடையையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. ஆனால் பயம் பொய் என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்ட், பிரவுசர், வாட்ஸ்அப், ஃபைல் மேனேஜர் வழியே வந்து எஸ்எம்எஸ் அனுமதியோ அணுகல்தன்மை அனுமதியோ கேட்கும் செயலியைத் தடுக்கும் ஏற்பாட்டை 2024-இல் கொண்டுவந்தது. ஆகவே ஓடிபி படிக்க எஸ்எம்எஸ் அனுமதி கேட்காதீர்கள். கூகுளின் எஸ்எம்எஸ் ரிட்ரீவர் முறை போதும், அதற்கு அனுமதியே தேவையில்லை.

அடுத்து வருவது பதிவு. பிளே ஸ்டோருக்கு வெளியே கொடுக்கும் செயலியானாலும் அதை எழுதியவர் யார் என்று கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதி, 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்திலும், 2027 முதல் மற்ற நாடுகளிலும் வருவதாக அறிவித்திருக்கிறார்கள். போட்டிக் கடைக்குப் போனாலும் கூகுள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று ஆகிறது; இதற்கும் சிசிஐ பதில் சொல்ல வேண்டியிருக்கும். நம் வரைக்கும், செயலியின் பேக்கேஜ் பெயரும் சாவியின் கைரேகையும் அந்தப் பதிவில் கேட்கப்படும். வேலையை விட்டுப்போன ஒருவரின் லேப்டாப்பில் சாவி இருந்தால், அதை இப்போதே வாங்கி வையுங்கள்.