றலியா, ஹம்பரா, ஒட்டுப்போட்டதா: எந்தச் சாட்சியை நம்புவது?

யாழ்ப்பாணத்தில் றலி, ஹம்பர் போன்ற பழைய ஆங்கிலச் சைக்கிள் ஒன்றுக்கு விலை பேசும்போது விற்பவர் முதலில் காட்டுவது முகப்புத் தகட்டை. நாங்கள் கடைசியாகப் பார்க்கவேண்டியதும் அதைத்தான். 1990இற்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. ஒன்றின் சில்லு மற்றதிலே, மற்றதன் கான்டில் இன்னொன்றிலே. ஒரு வண்டிக்குள் நாலு வண்டி இருக்கும்.

தகட்டில் 'நொட்டிங்காம்' என்றிருந்தால் இங்கிலாந்து, 'சென்-றலி' என்றால் இந்தியா. அதற்கு மேல் அது சொல்வது குறைவு. இரண்டு சின்ன ஆணிகளில் நிற்கும் தகட்டை மாற்றக் கால்மணி நேரம் போதும். முன்சில்லைப் பிடிக்கும் போர்க்கை இறக்கித் தலைக்குழாயினுள் டோர்ச் அடித்துப் பாருங்கள். வேறு இடைவெளியில் பழைய ஓட்டைகள் தெரிந்தால் தகடு வந்தேறி.

பிறேம் இலக்கம் இதைவிட மேல். சீற் குழாயின் மேல்முனையில் அடித்திருப்பார்கள். உப்புத்தாள் போடாதீர்கள், இலக்கமே போய்விடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கடதாசி வைத்துப் பென்சிலால் தேயுங்கள். கம்பனி இலக்கம் பூச்சுக்கு முன் அடித்தது, அதனால் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் பழைய பூச்சு இருக்கும். பள்ளம் மட்டும் பளிச்சென்று வெறும் உருக்காகத் தெரிந்தால் பின்னால் அடித்தது. ஆனால் நல்ல இலக்கமும் ஆண்டைத் திட்டமாகச் சொல்லாது. றலியின் இலக்கப் பட்டியல்களில் இடைவெளிகள் அதிகம்.

ஆண்டுக்கு, சில்லின் நடுவிலுள்ள ஸ்ரேமி-ஆர்ச்சர் கியர் ஹப்தான்; அது றலியின் சொந்தக் கம்பனி. பின் ஹப்பின் ஓட்டில் 'ஏ.டபிள்யூ 58 7' என்று இருந்தால் 1958 ஜூலையில் செய்தது; ஏ.டபிள்யூ ஹப்பின் வகை. கம்பிகளுக்கிடையே பழைய பல்துலக்கியால் கறளையும் எண்ணெய்ப் பிசினையும் எடுத்தால் தெரியும். ஒரு சிக்கல்: ஆண்டு ஹப்புக்குரியது, வண்டிக்குரியதல்ல. பின்னால் 40 கம்பி, முன்னால் 32 கம்பி என்பது ஆங்கில ரோட்ஸ்டர் வழக்கம். இரண்டிலும் 36 என்றால் சில்லு மாறியிருக்கலாம். கியர் இல்லாத சாதா ஹப் என்றால் இந்தச் சாட்சியே இல்லை.

எங்கள் வாக்கு போர்க்குக்கும் பெடல் அச்சுக் குழாய்க்கும்தான். ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாய் உள்ள போர்க் ஹம்பரின் அடையாளம். குழாய் முடிக்கு மேல் குரோம் தொப்பி போட்டது றலி. 1932இல் ஹம்பர் சைக்கிளை றலி வாங்கியதால், ஹம்பரில் ஸ்ரேமி ஹப் இருப்பதை ஒட்டுவேலை என்று ஒதுக்கவேண்டாம். பெரிய பல்சக்கரத்தில் றலிக்கு நாரைத் தலை, ஹம்பருக்கு ஐந்து மனிதர், றட்ஜ் என்ற இன்னொரு ஆங்கில வண்டிக்குக் கை. பார்க்க அழகுதான், ஆனால் பெடல் கையை அச்சில் இறுக்கும் கொத்தர் பின்னைத் தட்டினால் அதுவும் கழரும்.

பெடல் அச்சுக் குழாயின் புரி கழராது. அச்சைத் தாங்கும் இடப்பக்கக் கப்பைக் கழற்றி, குழாயின் உள்ளே அரை அங்குலத்துக்குப் புரிகளை எண்ணுங்கள். 13 வந்தால், அதாவது அங்குலத்துக்கு 26 என்றால், றலி அளவு. 12 வந்தால் பொது அளவு, நொட்டிங்காம் றலி என்ற பேச்சில் சந்தேகம். 24 புரிக் கப்பை 26இற்குள் வலிந்து முறுக்கி நாசமாக்கிய குழாய்களும் உண்டு; அப்படி இருந்தால் புரி மழுங்கி, கப் ஆடும்.

முற்றத்தில் நின்று பார்க்க நேரம் குறைவென்றால் போர்க், ஹப் இரண்டையும் பாருங்கள். ஹம்பர் போர்க் உள்ள வண்டியில் நாரைத் தலைப் பல்சக்கரம் நின்றால் ஓடுவதற்கு வாங்கலாம், அசல் விலைக்கு வாங்கவேண்டாம்.