சோலார் மின்வேலி செட்: பன்றி திரும்ப வேண்டும், ஆள் சாகக் கூடாது

காட்டை ஒட்டிய ஊர்களில் மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி போட்டவர்கள் இன்று அதிகம் விசாரிப்பது 12 வோல்ட் சோலார் மின்வேலி செட்டைத்தான். எனர்ஜைசர் (கம்பிக்கு விட்டுவிட்டு மின்சாரம் அனுப்பும் பெட்டி), 40 வாட் பேனல், 40 ஆம்பியர்-மணி பேட்டரி, கம்பி, இன்சுலேட்டர், எர்த் ராடு, இடிதாங்கி, எச்சரிக்கைப் பலகை எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு செட். எந்தக் கம்பெனி என்பதை விட எப்படிப்பட்ட செட், எப்படிக் கட்டியது என்பதில்தான் பலன் இருக்கிறது. அதனால் இந்த மதிப்புரை ஒரு பிராண்டைப் பற்றியது அல்ல, இந்த வகைப் பொருளைப் பற்றியது.

வாங்கலாம். காட்டுப்பன்றிக்கு நன்றாகவே வேலை செய்யும். யானைக்கு ஓரளவுதான். குரங்குக்கும் மயிலுக்கும் இதை நம்பிக் காசு போட வேண்டாம்.

இந்தப் பொருளின் மதிப்பே அது கொல்லாது என்பதில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் இடைவிடாமல் பாயும். கையில் பட்டால் தசை இறுகிவிடும், கம்பியை விட முடியாது. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிய மின்சாரம் சில நொடி உடம்பில் ஓடினாலே இதயத் துடிப்பு குலைந்துபோகலாம். எனர்ஜைசர் வேறு விதம். வோல்ட் 8,000 வரை போனாலும் ஒவ்வொரு பல்ஸும் (மின் துடிப்பும்) 10 மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். அடுத்த பல்ஸுக்குக் குறைந்தது 1 செகண்ட் இடைவெளி. 500 ஓம் சுமையில் ஒரு பல்ஸின் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது. ஐஎஸ் 302-2-76 என்ற இந்தியத் தரம் கேட்பது இவற்றைத்தான். அந்த ஒரு செகண்டில்தான் மாடோ மனிதனோ பன்றியோ கம்பியை விட்டு விலகுகிறது. ஆகவே பெட்டியில் இந்த எண் இல்லாத எனர்ஜைசரை, "ஷாக் பயங்கரமா இருக்கும்" என்று கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வாங்கக் கூடாது.

பெட்டியில் எழுதியிருக்கும் ஜூல் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது உள்ளே சேமிக்கும் ஆற்றல். கம்பிக்கு வருவது அதில் சுமார் 70 சதவீதம். 3 ஜூல் சேமிக்கும் கருவி நாள் முழுக்க ஓடினால் 12 வோல்ட்டில் 8 முதல் 9 ஆம்பியர்-மணி இழுக்கும். 40 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் போய்விடும். அப்படியானால் கையில் இருப்பது 20 ஆம்பியர்-மணி, வெயில் இல்லாமல் இரண்டு நாள். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் மூடாக்குப் போட்டால் வேலி செத்துவிடும். கதிர் முற்றிப் பன்றி இறங்குவதும் பல இடங்களில் அந்த நேரம்தான். 40 வாட் பேனலுக்குப் பதில் 75 வாட் பேனலும், 60 அல்லது 75 ஆம்பியர்-மணி பேட்டரியும் கேட்டு வாங்குங்கள். கூடுதல் செலவில் உண்மையிலேயே பிரயோஜனமானது இது ஒன்றுதான். எனர்ஜைசரைப் பெரிதாக்குவதால் அந்த அளவு பலன் கிடைக்காது.

"சோலார் வேலி எல்லாம் வேலைக்காகாது" என்ற பேச்சு ஊருக்கு ஊர் இருக்கிறது. அந்தக் குறைகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் எர்த்தில்தான் போய் நிற்கும். மின்சாரம் கம்பியிலிருந்து பன்றியின் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கி, எர்த் ராடு வழியாக எனர்ஜைசருக்குத் திரும்பினால்தான் ஷாக். செட்டோடு கொடுக்கும் ஒற்றை ராடு காய்ந்த செம்மண்ணில் எதற்கும் ஆகாது. 2 மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு குறைந்தது மூன்று வேண்டும். ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி, வாய்க்கால் ஓரம் போல ஈரம் நிற்கும் இடத்தில் அடித்து, கிளாம்ப் போட்டு ஒரே கம்பியால் இணைக்க வேண்டும். பம்புசெட்டின் எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். ஜிஐ கம்பியோடு செம்புக் கம்பியை முறுக்கி இணைத்தால் ஒரு மழைக்காலத்தில் அரித்துவிடும்.

எர்த் சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. எனர்ஜைசரை அணைத்துவிட்டு, 100 மீட்டருக்கு அப்பால் சில இரும்புக் கம்பிகளை மண்ணில் ஊன்றி வேலிக் கம்பியில் சாய்த்து வையுங்கள். இப்போது ஆன் செய்தால் வேலியின் வோல்ட் 2,000க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கியதும் கடைசி எர்த் ராடில் வேலி மீட்டரை (மின்வேலியின் வோல்ட்டை அளக்கும் கருவி) வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை, இன்னொரு ராடு அடிக்க வேண்டும். வேலி மீட்டர் இல்லாமல் செட் வாங்குவது வீண். சாதாரண மல்டிமீட்டரை இதில் வைத்தால் அது கருகிவிடும்.

பன்றிக்குக் கம்பியின் உயரம் முக்கியம். அதன் மயிரும் தடித்த தோலும் ஷாக்கைத் தடுக்கும், ஈரமான மூக்கு தடுக்காது. மூக்கில் பட்டால் பின்வாங்கும். தோளுக்குப் பின்னால் பட்டால் மிரண்டு முன்னாலேயே பாய்ந்து உள்ளே வந்துவிடும். அதனால் முதல் கம்பி தரையிலிருந்து 20 செ.மீ., இரண்டாவது 45, மூன்றாவது 75. கடைக்கோடியில் 4,000 வோல்ட்டாவது நிற்க வேண்டும். கீழ்க் கம்பியில் புல் தொட்டால் மழை நாளில் வோல்ட் பாதியாகிவிடும். வாரம் ஒரு முறை புல் வெட்ட ஆள் இல்லாதவர் இந்தச் செட்டை வாங்காமலே இருக்கலாம். இன்சுலேட்டருக்குப் பதில் ஹோஸ் பைப்பை வெட்டிச் செருகுவதும் நிலைக்காது, இரண்டு கோடையில் வெடித்துக் கல்தூணில் கசியும்.

யானை விஷயம் வேறு. தந்தத்தில் மின்சாரம் ஏறாது என்பதைச் சில யானைகள் பழகிக்கொண்டு தூணைத் தந்தத்தால் சாய்க்கின்றன, மரத்தைத் தள்ளிக் கம்பி மேல் போடுகின்றன. மேலிருந்து கம்பிகளைத் தொங்கவிடும் தொங்கும் சோலார் வேலி இதற்குக் கொஞ்சம் மேல். ஆனால் அது தனி விவசாயி ஒருவர் தாங்கும் செலவு அல்ல.

இனி, இந்தச் செட்டை யோசிக்கிற ஒவ்வொருவரின் காதிலும் விழும் இன்னொரு யோசனை. பம்புசெட் லைனிலிருந்து நேராக ஒரு கம்பியை இழுத்துவிடு, செலவே இல்லை என்பது. சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒரே ராத்திரியில் ஒரு ஏக்கர் மக்காச்சோளம் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்கள். இழப்பீட்டுக்கு விஏஓ, வேளாண் அலுவலர், வனத்துறை என்று அலைந்து ஓய்ந்தவர்கள். என் நிலம், என் உழைப்பு, அதைக் காக்க எனக்கு உரிமை இல்லையா என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியையே கேட்காமல் "விலங்கும் உயிர்தானே" என்று நகரத்திலிருந்து சொல்வது எளிது.

ஆனால் உரிமைக்கு எல்லை எது என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைத் தருகின்றன. பழைய தண்டனைச் சட்டத்தில் அவை 96 முதல் 106. திருட்டு, கொள்ளை, சேதம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல் ஆகிய குற்றங்களுக்கு எதிராகச் சொத்தைக் காக்கலாம். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. உயிரைப் பறிக்கும் அளவுக்கு அந்த உரிமை நீள்வது கொள்ளை, இரவில் வீடுடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சும்படியான திருட்டு போன்ற சிலவற்றில் மட்டும். சோளக்கதிர் திருடுபவன் அதில் வரமாட்டான். பன்றி குற்றம் செய்வதே இல்லை, அதனால் இந்தப் பிரிவுகள் அதன் பக்கமே போகாது. விலங்குக்கு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11(2)ஐப் பார்க்க வேண்டும். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்கிறது. பயிர் என்ற சொல் அங்கே இல்லை. பயிரைக் காக்கக் கொல்வதற்கு அதிகாரியின் அனுமதி வேண்டும். யானை செத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

மனிதன் செத்தால்? பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963இலேயே பதில் சொல்லிவிட்டது. அடுத்த வீட்டார் தன் கழிப்பறையைப் பயன்படுத்துவதைத் தடுக்க ஒருவர் அங்கே மின்சாரம் பாயும் வெறும் செம்புக் கம்பியை வைத்தார். ஒரு பெண் அதைத் தொட்டு இறந்தார். அவர் அத்துமீறி நுழைந்தவர்தான் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனாலும் அத்துமீறியவர் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர் அல்ல என்று சொல்லி, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பற்றிய பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் தண்டனையை உறுதி செய்தது. நேரில் நிற்பவன் வருவது யார் என்று பார்த்துக் கையை ஓங்கவோ இறக்கவோ முடியும். கட்டிவிட்டுத் தூங்கப் போன கம்பியால் முடியாது. தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துத் தோட்டக்காரரும், மாடு தேடி வரும் சிறுவனும், விடியலில் மறந்துபோய்த் தொடும் வீட்டுக்காரரும் அதற்கு ஒன்றுதான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு சட்டவிரோத வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அவுட்டுக்காய்க்கும் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி) இதே பதில்தான். கடிப்பது பன்றியா, பசுவா என்று அதற்கும் தெரியாது.

அப்படியென்றால் சோலார் வேலி குற்றமற்றதா? முழுக்க இல்லை. உங்கள் தோட்டத்தில் ஷாக் வாங்கிய பன்றி அடுத்த தோட்டத்துக்குப் போகும். அங்கே இருப்பவர் பெரும்பாலும் செட் வாங்க முடியாதவர். ஐந்தாறு பேர் சேர்ந்து வெளிச்சுற்றை மட்டும் கட்டினால் ஆளுக்கு வரும் வேலியின் நீளமும் குறையும், அந்த அநியாயமும் குறையும். யானையின் வலசைப் பாதையை மறித்துக் கட்டினால் அது ஊருக்குள் திரும்பும். கீழ்க் கம்பியில் பட்டதும் அழுங்கு (செதில் போர்த்திய எறும்புத்தின்னி) ஓடாது, சுருண்டுகொள்ளும், பல்ஸ் மேல் பல்ஸாக வாங்கிச் செத்துப்போகும். பன்றிக்குத் தேவையான 20 செ.மீ. உயரத்தில் இதற்கு நல்ல தீர்வு எதுவும் கடையில் இல்லை. இந்தப் பொருளின் பெரிய குறை இதுதான்.

கட்டும்போது இவற்றை விடக் கூடாது. ஏற்கெனவே நிற்கும் முள்கம்பியில் எனர்ஜைசரை இணைக்கவே கூடாது, சிக்கியவர் விலக முடியாது. ஒரே வேலிக்கு இரண்டு எனர்ஜைசர் கொடுத்தால் அந்த ஒரு செகண்ட் இடைவெளி போய்விடும். ஆள் நடமாடும் பக்கத்தில் 100 மீட்டருக்கு ஒரு பலகையாவது வேண்டும், வாசலிலும் தடத்திலும் கட்டாயம். பேட்டரியை மெயின் சார்ஜரில் போட்டபடியே வேலியை ஓட்டாதீர்கள்.

தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் காப்புக்காட்டை ஒட்டிய வேலிகளை வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். முன்பே கட்டியவற்றுக்கும் இது பொருந்தும். வேளாண் பொறியியல் துறையின் மானியத்தில் 5, 7, 10 கம்பி வரிசை என்ற வகைகள் உண்டு. பன்றிக்கு 5 வரிசையே தாராளம். மானிய விகிதத்தை அந்த ஆண்டில் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லில் எனர்ஜைசரின் மாடல், வரிசை எண், ஐஎஸ் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். "சோலார் செட் 1" என்று மட்டும் எழுதித் தரும் கடையில் வாங்க வேண்டாம்.