ஏர் ஃபிரையரா, ஹாலஜன் அவனா?

ஏர் ஃபிரையரில் உணவு கூடைக்குள் வேகும். ஹாலஜன் அவன் (oven) என்பது மூடியில் உள்ள ஹாலஜன் பல்பின் சூட்டில் சமைக்கும் கண்ணாடிப் பாத்திர அடுப்பு. இரண்டிலும் விசிறி சூடான காற்றைச் சுழற்றும். எண்ணெய் கொஞ்சம் போதும்.

கொள்ளளவு: ஏர் ஃபிரையர் பெரும்பாலும் 3 முதல் 6 லிட்டர். ஹாலஜன் அவன் 10 லிட்டருக்கு மேல். முழுக் கோழியே உட்காரும்.

மொறுமொறுப்பு: ஏர் ஃபிரையர்தான். உருளைக்கிழங்குத் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, பாதியில் ஒரு குலுக்கு குலுக்குங்கள். குவித்துப் போட்டால் நடுவில் இருப்பது சொதசொதவென்றுதான் வரும்.

பார்வை: ஹாலஜனில் நிறம் மாறுவது கண்ணாடி வழியே தெரியும்.

பாதுகாப்பு: ஹாலஜனில் பல்பும் விசிறியும் மூடியிலேயே இருப்பதால், திறந்ததும் அந்தச் சூட்டு மூடியை வைக்க ஸ்டாண்ட் வேண்டும். கண்ணாடியும் வெளியே சுடும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஹாலஜனை நான் சொல்லவே மாட்டேன்.

நீடித்த உழைப்பு: ஹாலஜனின் பல்பு ஒருநாள் போகும், மாற்று பல்பு கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். ஏர் ஃபிரையர் கூடையின் நான்ஸ்டிக் பூச்சு கம்பி நாரைத் தாங்காது.

ஓரிருவருக்கு அவ்வப்போது பொரிக்க ஏர் ஃபிரையர். நாலைந்து பேருக்கு ஒரே தடவையில் ரோஸ்ட் செய்ய ஹாலஜன்.