மாமா வீட்டு மீட்டர்

போன மாதம் ஊருக்குப் போய் வந்தேன். ஊர் என்று நான் சொல்வது இந்தோனேசியாவில், சுமத்ராத் தீவில் இருக்கும் மேடான் நகரத்தை இல்லை, அம்மா பிறந்த கிராமத்தை. பெராஸ்தகி தாண்டி, கபன்ஜாஹே தாண்டி, அதற்கப்புறம் மலைச்சரிவில் முக்கால் மணி நேரம். நூறு வீடு இருந்தால் அதிகம். ஒரு தேவாலயம், ஜம்பூர் என்கிற ஊர்ப் பொது மண்டபம் ஒன்று, கெடே என்கிற சிறு கடை இரண்டு. மிச்சமெல்லாம் கேரட்டும் முட்டைக்கோஸும் மிளகாயும் காப்பியும். வானம் தெளிந்திருந்தால் மாமா வீட்டு வாசலிலிருந்தே சினாபுங் எரிமலை தெரியும்.

விமானம் நேரத்துக்கு இறங்கியது, பெட்டி வந்தது, வண்டி கிடைத்தது. எல்லாம் சரியாக நடந்ததால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மேடானின் பழைய விமான நிலையமான பொலோனியாவில் இறங்கி அரை மணியில் வீட்டுச் சாப்பாட்டில் உட்கார்ந்த காலத்து ஆட்களுக்குப் புது விமான நிலையமான கோலாநாமு இன்னும் அந்நியம்தான், அவ்வளவுதான் சொல்லலாம். சிபோலாங்கித் வளைவுகளில் வழக்கம்போல் லாரிகள் நின்றன. பெனதாபானில் வழக்கம்போல் சுட்ட சோளம் தின்றோம். நான் சொல்ல வந்தது ஒரு மின்சார மீட்டரைப் பற்றி.

அதற்கு முன்னால் எங்கள் குடும்பக் கதை கொஞ்சம் வேண்டும். அப்பா மேடானின் கம்போங் கெலிங்கில் பிறந்தவர், இன்று கம்போங் மெட்ராஸ் என்கிறார்களே, அதே இடம். 1884இல் கட்டிய மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. அம்மா அந்த மலைப்பகுதியின் கரோ இனம், கிந்திங் மர்கா. மர்கா என்றால் குலம். மர்கா இல்லாத ஆளுக்குப் பெண் கொடுக்க முடியாது என்று தாத்தா சொல்லிவிட, கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு மர்கா கொடுத்தார்கள். செம்பிரிங். 'ம்பிரிங்' என்றால் கறுப்பு. அப்பாவின் நிறத்தைப் பார்த்துப் பெரியவர்கள் யோசிக்கவே இல்லையாம். செம்பிரிங்கின் உட்பிரிவுகளில் சோலியா, பாண்டியா, பெலாவி என்றெல்லாம் இருக்கின்றன. சோழன், பாண்டியன், பல்லவன் என்று அப்பா விரல்விட்டு எண்ணுவார். மேற்குக் கரையில் பாருஸ் பக்கம் லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதையும் சேர்த்துக்கொள்வார். நாங்கள் சோலியா. வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை தீர்ந்த நாளிலும் அப்பா சோழப் பரம்பரைதான்.

மொழியில் ஒரு வசதி உண்டு. கரோவிலும் அம்மாவின் அண்ணன் தம்பி மாமாதான், அவர் மனைவி மாமிதான். மாமா மகளை 'இம்பால்' என்பார்கள், நம் முறைப்பெண்ணேதான். அதனால் இந்தப் பயணக் கதையில் மாமா, மாமி என்று நான் எழுதுவது மொழிபெயர்ப்பு இல்லை.

போனது கெர்ஜா தாஹூன் சமயம், ஊரின் வருடாந்தர விருந்து. வீட்டுக்கு வீடு கதவு திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் நுழைந்து சாப்பிடலாம். நான் சிங்கப்பூருக்குப் போய் 22 வருடம். தோ பாயோவில் பன்னிரண்டாவது மாடி. எதிர் வீட்டுக்காரரின் பெயர் இன்றுவரை தெரியாது. மாமா வீட்டிலோ நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒன்பது பேர் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள்.

அப்போதே காதில் விழுந்தது. பீப். பத்து நொடி கழித்து இன்னொரு பீப்.

"மாமா, என்ன அது?"

"மீட்டர். டோக்கன் தீரப்போகிறது."

"எப்போதிலிருந்து கத்துகிறது?"

மாமா மாமியைப் பார்த்தார். மாமி, "ஞாயிற்றுக்கிழமை" என்றார். அன்று புதன்கிழமை.

இது நான் ஊரில் இருந்த காலத்தில் இல்லாத ஏற்பாடு. முன்பு மாதாமாதம் பில்லைக் கட்டுவோம், அல்லது கட்டாமல் ஒளிந்துகொள்வோம். இப்போது முன்பணம். காசு கொடுத்தால் இருபது இலக்க எண் ஒன்று வரும், அதைத் திண்ணைச் சுவரில் இருக்கும் மீட்டரின் பொத்தான்களில் அடிக்க வேண்டும். இருப்பு குறைந்தால் அது கத்தும். அந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. யாருக்கும் கேட்பதில்லை. எனக்குக் கேட்டது. சிங்கப்பூரில் மின்கட்டணம் வங்கியிலிருந்து தானாகப் போகிறது, எவ்வளவு என்றுகூட நான் பார்ப்பதில்லை. அந்தச் சுகத்தில் ஊறிப்போன காது.

"இப்போதே வாங்கிவிடலாமே, நாளைக்கு விருந்து" என்றேன்.

"அது இன்னும் சாகவில்லையே" என்றார் மாமா.

இரவு ஒன்பது பத்துக்குச் செத்தது. மாமி அரிசிக் குக்கரை அப்போதுதான் போட்டிருந்தார். மறுநாள் இலையில் வைக்கும் சிம்பா மட்டும் விறகடுப்பில் வெந்துகொண்டிருந்ததால் தப்பித்தது. சிம்பா தெரியும்தானே? அரிசி மாவும் தேங்காயும் வெல்லமும் சேர்த்து இலையில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. நம் பூரணக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட அக்கா.

இருட்டில் என் போனை எடுத்தேன். என் சிங்கப்பூர் வங்கிச் செயலி உலகத்தில் எதை வேண்டுமானாலும் வாங்கித் தரும், மாமா வீட்டு மின்சாரத்தைத் தவிர. பழைய இந்தோனேசிய சிம் எப்போதோ காலாவதி. வீட்டுக்குள் சிக்னல் ஒரே கோடு, பேசலாம், இணையம் வராது. "கெடேக்குப் போ, மருமகனே" என்று மாமா மீட்டர் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். கையில் ஒரு லட்சம் ரூப்பியா. பயந்துவிடாதீர்கள், சிங்கப்பூர்க் காசில் பத்து வெள்ளிகூட இல்லை.

தூறல். அந்தக் குளிரை மறந்தே போயிருந்தேன், பெராஸ்தகியே கிட்டத்தட்ட 1300 மீட்டர் உயரம். கெடேயில் விளக்கு எரிந்தது. நான்கு பேர் சதுரங்கப் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கரோக்காரர்களுக்குச் சதுரங்கப் பைத்தியம் உண்டு, கிராண்ட்மாஸ்டர் செர்டாஸ் பாருஸ் இந்த மண்ணின் ஆள். ஒருவர் காயைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தார். கையை இறக்கவில்லை.

"மர்கா காய்?"

உன் மர்கா என்ன. டோக்கன் வாங்க வந்தவனிடம் கேட்கிற முதல் கேள்வி. இதற்கு 'எர்துதுர்' என்று பெயர். புதிதாகச் சந்திக்கும் இரண்டு பேர், யார் யாருக்கு என்ன உறவு என்று முடிவாகும்வரை வேறு எதையும் பேசமாட்டார்கள். முடிவானால்தான் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியும், கூப்பிடத் தெரியாமல் எப்படி வியாபாரம் செய்வது?

செம்பிரிங் என்றேன். எந்தச் செம்பிரிங்? சோலியா. முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், நம்பிவிட்டார்கள். அம்மா? கிந்திங். எந்த ஊர்? இந்த ஊர்தான். யார் மகள்? சொன்னேன். கல்லாவில் இருந்த அம்மாள் அதுவரை நிமிரவே இல்லை. "அப்படியானால் நான் உனக்கு பிபி" என்றார். சின்னம்மா முறை. அதன் பிறகு அம்மாவின் கடைசி நாட்கள், அப்பாவின் மூட்டுவலி, என் சம்பளம், எனக்கு ஏன் ஒரே பிள்ளை, எல்லாம் விசாரித்தார்கள். என் கையில் மீட்டர் எண் நனைந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து நிமிடம். தோ பாயோவில் எண்சீட்டு எடுத்து அரை மணி காத்திருந்தாலும் எரிச்சல் வராது. அங்கே யாரும் நம்மைப் பார்த்துக்கொண்டே காக்கவைப்பதில்லை.

ஒருவழியாக பிபி போனை எடுத்தார். இணையம் இல்லை. மழைக்கு இப்படித்தான் ஆகுமாம். மகனைக் கூப்பிட்டு, மீட்டர் எண்ணையும் போனையும் கொடுத்து, தேவாலயத்து மேட்டுக்கு அனுப்பினார். அங்கேதான் கிடைக்குமாம். மோட்டார் சைக்கிள் ஏறிப்போன சத்தம் தேய்ந்தது. எனக்கு ஒரு காப்பி வந்தது. கேட்கவில்லை, வந்தது. அடியில் விரல்கடை உயரம் தூள், மேலே தேனாக இனிப்பு. அந்த ஒரு தம்ளருக்காக இதுவரை சொன்ன எல்லாவற்றையும் மன்னிக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான்.

பையன் வந்தான். பிபி இருபது எண்களையும் சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் உட்புறத்தில் எழுதினார், நான்கு நான்காக. நனையாமல் சட்டைப் பைக்குள் வைத்து ஓடினேன். மாமா டார்ச் பிடிக்க, நான் அடித்தேன். திரையில் வந்தது: காகால். தோல்வி. மறுபடி அடித்தேன், காகால். மாமி குக்கரைத் திறந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மூடினார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

திரும்ப ஓடினேன். சதுரங்கக்காரர்கள் இப்போது என்னை "பெரே" என்று கூப்பிட்டார்கள், மருமகன் ஆகிவிட்டேன். பிபி அட்டையை வாங்கிப் பார்த்தார், போனைப் பார்த்தார். "சரியாகத்தானே இருக்கிறது" என்று குடையை எடுத்தார். கடையை அந்த நான்கு பேரிடம் விட்டுவிட்டு, அந்த மழையில், அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி, ஒரு டோக்கனுக்காக எனக்கு முன்னால் விடுவிடென்று நடந்தார். வாடிக்கையாளர் சேவை என்று எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறார்கள்.

"படி" என்றார். படித்தேன். மூன்றாவது எண்ணிலேயே நிறுத்தினார்.

"ஏழா? இதில் ஏழு எங்கே இருக்கிறது?"

அவர் ஒன்றுக்குத் தலையில் நீளமாக ஒரு கொக்கி போடுகிறவர். ஏழு என்றால் இடுப்பில் குறுக்குக்கோடு இருக்கும். டச்சுக்காரன் விட்டுப்போன எழுத்து என்று அப்பா சொல்வார். நானும் மேடான் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதினேன். 22 வருடத்தில் கை மறந்தது சரி, கண்ணுமா மறக்கும்? அந்த இருபது எண்ணில் நான்கு ஒன்று, நான்கையும் ஏழாக அடித்திருக்கிறேன். தப்பு கடையிலும் இல்லை, மீட்டரிலும் இல்லை.

பெனார், என்றது திரை. விளக்கு வந்தது. மாமி குக்கரோடு இஸ்திரிப் பெட்டியையும் போட, வீட்டின் 900 வி.ஏ. இணைப்பு தாங்காமல் மறுபடி இருட்டு. அது வேறு கதை, சுவிட்சைத் தூக்கிவிட்டால் போதும்.

பணம் நீட்டினேன். பிபி வாங்கவில்லை. மாமா கணக்கில் எழுதிக்கொள்வாராம், கேரட் எடுத்ததும் தீர்ப்பாராம். கேரட்டுக்கு என்ன விலை வரும் என்று யாருக்குத் தெரியும்? போன முறை தக்காளி விலை விழுந்து, பறிகூலி கட்டாமல் செடியிலேயே விட்டதாக மாமா சொல்லியிருந்தார். சினாபுங் 2010இல் பல நூறு வருடத் தூக்கம் கலைந்து எழுந்தது. 2013இலிருந்து வருடக்கணக்கில் சாம்பல். அடிவாரத்துச் சில ஊர்கள் காலியாகி சியோசார் என்கிற புதுக் குடியிருப்புக்குப் போய்விட்டன. இந்த ஊர் தப்பித்தது, முட்டைக்கோஸ் தப்பவில்லை. ஒரு காலத்தில் இங்கே விளைந்த காய்கறி பெலாவானில் கப்பலேறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. அந்தக் கடைக் கணக்கு நோட்டு இதையெல்லாம் தாங்கிக்கொண்டு நிற்கிறது. வட்டி உண்டா என்று கேட்டேன். பிபி, டோக்கனுக்குத் தன் பங்காக இரண்டாயிரம் ரூப்பியா மேலே வைப்பதாக, ஏதோ குற்றத்தை ஒத்துக்கொள்கிறவர் மாதிரி சொன்னார்.

மறுநாள் ஜம்பூரில் விருந்து. வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளி என்று பாயில் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சதுரங்கக்காரர்களில் ஒருவர் தோளைத் தட்டினார். பெண் எடுத்த வீட்டார் 'அனாக் பெரு'. சமைப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது அவர்கள் பாடு. என் அப்பா பெண் எடுத்தவர், நான் அவர் மகன். முந்தின இரவு டோக்கன் வாங்க மளமளவென்று ஒப்பித்த அதே உறவுமுறை இப்போது என் கையில் சோற்றுக் கூடையைக் கொடுத்தது. மூன்று பந்தி பரிமாறினேன். பிபி இரண்டாவது பந்தி. "குழம்பு கொஞ்சம், பெரே" என்று தட்டை நீட்டியபோது, கறித்துண்டாகப் பார்த்துப் போட்டேன்.

கிளம்பும் நாளில் மாமா மகள் என் போனில் உள்ளூர்ச் செயலி ஒன்றைப் போட்டு, புது சிம்மும் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு முறைப்பெண் என்று அவள் கணவன் எதிரிலேயே இன்னும் கிண்டல் நடக்கிறது, அவரும் சிரிக்கிறார். இனி மாமா வீட்டு டோக்கன் என் பொறுப்பு.

போன செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு போன் வந்தது. பின்னால் பீப் கேட்டது. வாங்கினேன். பன்னிரண்டாவது மாடியில், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல், நான்கு நான்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

"மெதுவாகச் சொல்" என்றார் மாமா. "மூன்றாவது என்ன, ஒன்றா ஏழா?"