11 சோடாப் போத்தல், ஒரு டின் ஜெல், ஒரு கிலோ சலவைச் சோடா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கண்ணாடிப் போத்தலில் ஒட்டியிருக்கிற பெயின்டைக் கழற்ற டின்னில் வருகிற பெயின்ட் ரிமூவர் ஜெல் வாங்க யோசித்தால், அந்தக் காசுக்கு ஒரு ஊர்க்கோழி வாங்கிக் கறி வையுங்கள். நான் அந்த ஜெல்லை வாங்கி, தலையிடியும் வாங்கி, கடைசியில் பலசரக்குக் கடையில் கிடைக்கிற சலவைச் சோடாவில் வேலையை முடித்தவன்.

போத்தல் எங்கிருந்து வந்தது என்றால், எங்கள் அம்மப்பா மட்டக்களப்பு ஆரையம்பதியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். கடை போய் எவ்வளவோ காலம். மிஞ்சியது 11 போத்தல்கள். அதில் 9 கழுத்துக்குள் போளை (கண்ணாடிக் கோலிக்குண்டு) உருளுகிற சோடாப் போத்தல், மற்ற 2 தகர மூடி அடிக்கிற பிற்காலத்துப் போத்தல். போளைப் போத்தலை ஹைரம் கொட் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை எடுத்தார். சோடாவைப் போத்தலைத் தலைகீழாக வைத்து நிரப்புவார்கள், உள்ளே இருக்கிற காஸ் போளையை மேலே தள்ளி வாயிலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும், தக்கையும் வேண்டாம் மூடியும் வேண்டாம். குடிக்கும்போது போளை திரும்ப வந்து வாயை அடைக்காமல் இருக்கக் கழுத்தில் இரண்டு பள்ளம், அதற்காகத்தான். போளைக்காகவே பிள்ளைகள் இதை உடைத்ததால் முழுசாக மிஞ்சியது குறைவு, எங்கள் வீட்டிலும் எத்தனை உடைந்தது என்று அம்மாவிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார்.

இந்த 11 போத்தலுக்கும் சித்தி 80களில் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காகச் சில்வரும் பச்சையும் எனாமல் பெயின்ட் அடித்துப் பூச்சாடி ஆக்கியிருந்தார். நல்ல தடிப்பாக, இரண்டு பூச்சு. சித்தி வாசித்தால் கோபிக்க வேண்டாம், அந்த வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் அந்தக் காலத்து எனாமல் என்பதுதான் இங்கே பிரச்சினை. இலங்கையில் பெயின்டில் எவ்வளவு ஈயம் இருக்கலாம் என்ற சட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். அதற்கு முந்திய எனாமல் என்றால் ஈயம் இருக்கிறது என்று நினைத்தே கை வையுங்கள். காய்ந்த பெயின்டை மண்தாளால் தேய்ப்பது, கம்பித் தூரிகையால் சுரண்டுவது, நெருப்புக் காட்டிப் பொசுக்குவது மூன்றும் கூடாது, தூளும் புகையும் மூச்சோடு உள்ளே போகும், வீட்டில் சின்னப் பிள்ளை தவழ்ந்தால் கேட்கவே வேண்டாம். எதைச் செய்தாலும் ஈரத்தில் செய்ய வேண்டும்.

சரி, ஜெல்லுக்கு வருகிறேன். டின்னின் பெயரை எழுதவில்லை, கடையையும் எழுதவில்லை, ஏனென்றால் பிரச்சினை பெயரில் இல்லை, உள்ளே இருக்கிற சாமானில். பின்பக்கம் பொடி எழுத்தில் மெத்திலீன் குளோரைட் என்று போட்டிருந்தது, டைகுளோரோமீத்தேன் என்றாலும் அதுதான். இது 40 பாகை செல்சியஸ் சூட்டில் கொதித்துவிடும். நமது ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த டின் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். மூடியைத் திருகியவுடன் புஸ் என்று ஜெல் சீறி முழங்கையில் பட்டது, பட்ட இடம் நெருப்பாக எரிந்தது. மழை வரும்போல இருந்ததால் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தேன், அரை மணித்தியாலத்தில் தலை சுற்றி வெளியே வந்து திண்ணையில் இருந்துவிட்டேன். மறுகாதான் வாசித்துப் பார்த்தேன், இந்த ஆவி உடம்புக்குள் போனால் கார்பன் மொனொக்சைட்டாக மாறுமாம். மூடிய குளியலறைக்குள் தொட்டியில் பெயின்ட் கழற்றிய வேலையாட்கள் அமெரிக்காவில் செத்தே போயிருக்கிறார்கள், 2019இல் அங்கே வீட்டுப் பாவனைக்கு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். கையில் போட்டிருந்த மெல்லிய ரப்பர் கையுறை இதற்கு ஒரு தடையே இல்லை, சில நிமிடத்தில் ஊடுருவிவிடும்.

வேலை செய்ததா என்றால் செய்தது, அதை மறைக்க மாட்டேன். கால் மணித்தியாலத்தில் பெயின்ட் சுருங்கி எழும்பியது. ஆனால் ஒரு போத்தலில் வாய்க்குள் பழைய ரப்பர் வளையம் இன்னும் இருந்தது, ஜெல் அதில் வழிந்து, வளையம் ஊதி, பிசுபிசுத்து, தொட்டவுடன் பிய்ந்து வந்தது. ஒரு போத்தலுக்கு இந்தப் பாடு போதும் என்று டின்னை மூடிவிட்டேன்.

இரண்டாவது யோசனை கோஸ்டிக் சோடா, அதாவது கடும் காரம் (அமிலத்துக்கு எதிரான சாமான்). அண்ணன் முறையான ஒருவர் சொன்னார், நானும் கேட்டேன், பிழை என்னுடையதுதான். கோஸ்டிக்கைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கோஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்துக்குத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கரைத்தால் பாத்திரத்தையே தின்று ஹைட்ரஜன் வாயு விடும். இவ்வளவும் தெரிந்து கவனமாகத்தான் செய்தேன். தெரியாமல் போனது வேறு. அந்தத் தகர மூடிப் போத்தல் இரண்டில் ஒன்றை முதலில் போட்டேன், பெயின்ட் கழன்றது, கீழே வெள்ளை எழுத்தில் அச்சடித்த சோடாக் கம்பனி லேபிள் ஒன்று தெரிந்தது, அதுவும் பாதி மங்கிப் போய். அந்த எழுத்து பெயின்ட் இல்லை, கண்ணாடியின் மேல் வைத்துச் சூளையில் சுட்ட நிறம். அது போனால் போனதுதான், திரும்ப வராது. கடும் காரம் அதை மட்டும் தின்பதில்லை, சூடாகவும் கூட நேரமும் வைத்தால் கண்ணாடியின் மேல்தோலையே தின்று பளபளப்பை எடுத்துவிடும்.

இதை முதலே சோதித்திருக்கலாம். கியூட்டெக்ஸ் ரிமூவரில் (நகப்பூச்சு அழிக்கிற திரவம்) பஞ்சைத் தொட்டு ஒரு மூலையில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள், அசிட்டோன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான பெயின்ட் இளகும், அல்லது பஞ்சில் நிறம் ஒட்டும். சுட்ட எழுத்து அசையாது. மேலே பெயின்ட், கீழே சுட்ட எழுத்து என்று இருந்தால் காரத்தைத் தொடாதீர்கள், அசிட்டோனும் பஞ்சுமாக இருந்து மெல்ல மெல்லத் துடையுங்கள். இரண்டாவது தகர மூடிப் போத்தலை அப்படித்தான் காப்பாற்றினேன், இரண்டு பின்னேரம் போனது. அசிட்டோன் பக்கத்தில் அடுப்பும் சிகரெட்டும் வேண்டாம் என்று சொல்லவும் வேண்டுமா?

காத்தான்குடியில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு இன்னொரு சாமானுக்குப் போனபோது அங்கே இருந்த வயதான காக்காவிடம் (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) இந்தக் கதையைச் சொன்னேன். டின்னைக் காட்டினேன். சிரித்துவிட்டு, “தம்பி, இத ஊத்தினா பெயின்டும் போகும், மறுகா நீங்களும் போவீங்க” என்றார். பிறகு தன் கடையில் இல்லாத சாமானைச் சொல்லிப் பலசரக்குக் கடைக்கு அனுப்பிவைத்தார், அதுதான் சலவைச் சோடா, வாஷிங் சோடா. இப்படி ஒரு கடைக்காரருக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பது?

பலசரக்குக் கடைப் பையன் அப்பச்சோடாவை (பேக்கிங் சோடா) நீட்டினான். அது இல்லை, அது மிகவும் மெலிது, பெயின்டுக்கு ஒன்றும் செய்யாது. அப்பச்சோடாவை இரும்புத் தாச்சியில் நன்றாக வறுத்தால் நீராவியும் காபனீரொட்சைட்டும் போய்ச் சலவைச் சோடாவாகும், அவசரத்துக்கு அதுவும் ஒரு வழி. எனக்கு அடுத்த கடையில் ஒரு கிலோவே கிடைத்தது.

பிளாஸ்டிக் வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் 5 லீற்றர், அதில் அரைக் கிலோ சோடா, நன்றாகக் கரைத்து, போத்தல் முழுசாக முங்கும்படி. கொதிதண்ணீர் வேண்டாம், பழைய கண்ணாடி ஒரு இடத்தில் தடிப்பாகவும் ஒரு இடத்தில் மெலிதாகவும் இருக்கும், சட்டென்று சூடோ குளிரோ பட்டால் வெடிக்கும், வெயிலில் இருந்த போத்தலைக் கிணற்றுத் தண்ணீரில் போடுவதும் அதே கதைதான். வாளியை மாமரத்து நிழலில் மூடி வைத்தேன். எனாமலைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெய், காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக்கும், கோஸ்டிக் ஒரு மணித்தியாலத்தில் செய்கிற அதே வேலையைச் சோடா நாள் கணக்கில் செய்யும். அடுத்த நாள் காலை பார்த்தால் பெயின்ட் பாலாடை மாதிரிச் சுருங்கி மிதந்தது, அதைப் பார்த்த சந்தோஷம் சொல்லி விளங்காது. சில்வர் முதலில் போனது. பச்சை, கண்ணாடியில் புடைத்த எழுத்துகளின் இடுக்குக்குள் ஒளிந்துகொண்டு மூன்றாம் நாள் வரை நின்றது. தினமும் பார்க்க வேண்டும், மெலிந்த காரம் என்றாலும் கிழமைக் கணக்கில் ஊறவிட்டால் கண்ணாடி மங்கும்.

சுரண்டுவதற்கு, சமமான இடத்தில் புது பிளேட்டைப் படுக்கையாக வைத்து ஈரத்தோடு தள்ளலாம், துருப்பிடித்த பிளேட் கீறும். புடைத்த எழுத்துகளுக்குள் பிளேட் போகாது, அங்கே நான் பாவித்தது ஈர்க்கு. தென்னோலை ஈர்க்கைச் சரிவாக வெட்டினால் அதைவிட நல்ல கருவி எந்தக் கடையிலும் இல்லை. மிச்சத்துக்குத் தேங்காய்த் தும்பு. உள்ளே கழுவ எங்கள் ஆட்கள் மணலைப் போட்டுக் குலுக்குவார்கள், செய்யாதீர்கள், மணல் கண்ணாடியைவிடக் கடினம், உள்ளே முழுதும் கீறல் விழும். பச்சரிசியும் வினாகிரியும் போட்டுக் குலுக்குங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், சோடா பட்டதும் வெள்ளைப் படலம் படிந்தது, தேசிக்காய்ப் புளி தடவியவுடன் போய்விட்டது.

எனாமல் இல்லாமல் சுவருக்கு அடிக்கிற தண்ணீர்ப் பெயின்ட் என்றால் ஸ்பிரிட் (அல்கஹோல்) நன்றாக வேலை செய்யும். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய கை சுத்தம் செய்கிற திரவம் வீட்டில் கிடந்தால் அதையே பஞ்சில் நனைத்துச் சுற்றி வையுங்கள். ஒரு போத்தலின் அடியில் வீட்டுச் சுவர்ப் பெயின்ட் சொட்டியிருந்தது, அதற்கு இதுதான் உதவியது.

வாளியில் மிஞ்சிய அழுக்குத் தண்ணீரைக் கிணற்றடியில் கவிழ்க்கப் போனேன், அம்மா கத்தினார், அவர் சொன்னது சரி. நமது மணல் தரையில் ஊற்றியது நேராகக் கிணற்றுக்குத்தான் இறங்கும், வாவியில் ஊற்றினால் இன்னும் கேவலம். ஒரு இரவு அடையவிட்டு, அடியில் படிந்த பெயின்டைப் பழைய பேப்பரில் வடித்துக் காயவைத்து, பொலித்தீனில் கட்டி ஒரு டின்னில் போட்டு மூடிவிட்டேன். மேலே நின்ற தண்ணீரைக் கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தூரமாக, வாசல் ஓரத்தில் ஊற்றினேன். வேலை செய்த உடுப்பைத் தனியாகத் துவைத்தேன்.

சலவைச் சோடாவுக்கு 5க்கு 4½, அந்த அரை மூன்று நாள் காத்திருக்க வைத்ததற்கு. ஜெல்லுக்கு 1, அதுவும் பெயின்ட் கழன்றது என்பதால்.

ஒரு போத்தல் மட்டும் பெயின்ட் முழுதும் போன பிறகும் உள்ளே பால் மாதிரி மங்கலாக நிற்கிறது. அது அழுக்கில்லை, வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்து கண்ணாடியே அரித்த தழும்பு, எதைப் போட்டாலும் போகாது. கொமட் கழுவுகிற அசிட் போடச் சொன்னார் ஒருவர், கேட்டுக்கொண்டேன், போடவில்லை. தேங்காய் எண்ணெயைத் துளி தடவினால் மங்கல் மறைந்து புதுப் போத்தல் போலத் தெரியும், எண்ணெயைக் கழுவினால் பழையபடி. பழைய போத்தலைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், வழுக்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.