பழைய லித்தியம் செல்லில் வீட்டு சோலார் பேட்டரி: லேப்டாப் செல், கார் மாட்யூல், எல்எஃப்பி – எது தேறும்?

கூரையில் சோலார் பேனல் ஏறிய பிறகு அடுத்து வரும் கேள்வி பேட்டரிதான். புது லித்தியம் பேட்டரியின் விலையைக் கேட்டதும் பலருடைய கண் பழைய செல்களின் பக்கம் போகிறது. அதில் தப்பே இல்லை. கொள்ளளவு 70, 80 சதவீதத்துக்கு இறங்கிய கார் பேட்டரி காருக்குத்தான் போதாது, வீட்டுக்கு அது தாராளம். மேடு ஏறும் கார் உறிஞ்சும் கரண்ட்டை ஃபிரிட்ஜும் ஃபேனும் ஒருநாளும் கேட்கப் போவதில்லை. மறுசுழற்சிக் கூடத்தின் அரவை இயந்திரத்துக்குப் போக வேண்டிய செல்லிடம் இன்னும் பல வருடம் வேலை வாங்குவது நல்ல காரியம் என்று மனதார நம்புகிறவன் நான். ஆனால் எந்தப் பழைய செல் என்பதில் கோட்டை விட்டால் அந்த நல்ல காரியம் வீட்டுக்குள் ஒரு ஆபத்தாக உட்கார்ந்துவிடும்.

மூன்று வகை செல்களையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். 48 வோல்ட் இன்வெர்ட்டர், அதிகபட்சம் 3 கிலோவாட் சுமை, ராத்திரிக்கு சுமார் 5 யூனிட் மின்சாரம்.

லேப்டாப் 18650

18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் கொண்ட உருளை செல் இது. டெஸ்லா 2015-ல் பவர்வால் என்ற வீட்டு பேட்டரியை அறிவித்த பிறகு, அதைக் கையாலேயே செய்து பார்க்கிறேன் என்று கிளம்பியவர்களில் நிறையப் பேர் முதலில் எடுத்தது இதைத்தான். சுலபமாகக் கிடைக்கும், ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், கெட்டுப்போனால் ஒன்றை மட்டும் மாற்றலாம்.

கணக்கைப் பாருங்கள். பழைய செல் ஒன்றில் 2000 மில்லி ஆம்பியர் மணி மிச்சம் இருந்தால் அது 7.2 வாட் மணி. 14 தொடர் இணைப்பு, ஒவ்வொன்றிலும் 50 செல் பக்க இணைப்பு (பேரலல்) என்று 700 செல் சேர்த்தால் 5 யூனிட் வரும். மேலே 4.1 வோல்ட், கீழே 3.3 வோல்ட் என்று நிதானமாக ஓட்டினால் கைக்கு வருவது 4 யூனிட் அளவுக்குத்தான் இருக்கும். கரண்ட் விஷயத்தில் மட்டும் இந்த ஏற்பாடு மிக வசதி. 3 கிலோவாட் இழுத்தால் மொத்தம் 60 ஆம்பியர், அதை 50 செல் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 1.2 ஆம்பியர்.

சிக்கல் அந்த 700 என்ற எண்ணில் இருக்கிறது. 700 செல்லுக்கும் 700 ஜாதகம். ஒன்று வருடக்கணக்கில் சார்ஜரில் செருகியே கிடந்த லேப்டாப்பில் 4.2 வோல்ட்டிலேயே சூட்டில் வெந்திருக்கும். இன்னொன்று அலமாரியில் கிடந்து அடி வரைக்கும் காலியாகியிருக்கும். பேட்டரிக் கூட்டைப் பிரித்ததும் வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்ட செல்லை நான் தொடமாட்டேன். அவ்வளவு கீழே இறங்கிய செல்லில் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி வகுக்கும். சார்ஜ் ஏறும், மீட்டரும் நல்ல எண்ணைக் காட்டும். அதை நம்பி ஏமாறக் கூடாது.

சோதனை எப்படி என்றால், முதலில் கண்ணால் பார்ப்பது. நிக்கல் பட்டையைப் பிடுங்கிய இடத்தில் துரு, பாசிட்டிவ் முனையைச் சுற்றி ஈரம், பெயின்ட் தின்னர் மாதிரி லேசான இனிப்பு வாசனை, இதில் எது இருந்தாலும் கழித்துவிட வேண்டியதுதான். அப்புறம் 4.2 வரை நிரப்பி, ஒரு ஆம்பியரில் காலி செய்து கொள்ளளவைக் குறித்து, மறுபடி நிரப்ப வேண்டும். நிரம்பும்போது கைக்குச் சூடு தெரிகிற செல் தேறாது. பாஸானவற்றின் மேல் உறையில் மார்க்கரால் கொள்ளளவும் உள் மின்தடையும் எழுதி, மூன்று நான்கு வாரம் சும்மா வைத்து, வோல்ட்டேஜ் இறங்குகிறதா என்று பார்ப்பது கடைசிக் கட்டம். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமான சோதனையே அதுதான்.

நான்கு செல் பிடிக்கும் சோதனைக் கருவியில் ஒரு சுற்று ஓட ஏழெட்டு மணி நேரமாகும். ராப்பகலாக ஓட்டினாலும் நாளைக்கு 12 செல். கழிபவற்றையும் சேர்த்து ஆயிரம் செல்லைச் சலிக்க வேண்டும் என்றால் கிட்டத்தட்ட மூன்று மாதம். கருவிகளைக் கூட்டினால் நாள் குறையும், ஆனால் கவனம் தேவைப்படும் வேலை குறையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பக்க இணைப்பில் 50 செல் சேர்ந்த பிறகு தனி செல்லின் நோய் வெளியே தெரியாது. பிஎம்எஸ், அதாவது வோல்ட்டேஜைக் கண்காணித்து எல்லை மீறினால் பேட்டரியைத் துண்டிக்கும் மின்னணுப் பலகை, பார்ப்பது அந்த 50 பேரின் பொது வோல்ட்டேஜை மட்டுமே. ஒன்று கசிந்தால் மற்ற 49-ம் சத்தமில்லாமல் அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கும். ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் 49 செல்லின் கரண்ட்டும் ஒரே நேரத்தில் அதற்குள் பாயும். அதனால் ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிய ஃபியூஸ் கம்பி கட்டாயம். டெஸ்லா மாடல் எஸ் பேட்டரியிலேயே ஒவ்வொரு செல்லையும் இணைப்பது மயிரிழை போன்ற கம்பிதான், ஆபத்தில் அது ஃபியூஸாக அறுந்து செல்லைத் தனியாக்கிவிடும். இணைப்புக்கு ஸ்பாட் வெல்டிங்தான் சரி. சால்டரிங் அயர்னை நிதானமாக வைத்து ஈயம் உருக்கினால் அந்தச் சூடு செல்லுக்குள் இருக்கும் பிரிப்பானையும் மேல் மூடியின் சீலையும் பதம் பார்க்கும். செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ், பாசிட்டிவ் முனையைப் பிரிப்பது ஒரு சின்ன வளையம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. உறை கிழிந்த இடத்தில் நிக்கல் பட்டை உரசினால் அங்கேயே ஷார்ட்.

புது உறை மாட்டி 9900 என்று அச்சடித்து விற்கும் 18650-களைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள். பெரிய கம்பெனிகளின் நல்ல புது செல்லே 3500 பக்கத்தில்தான் நிற்கிறது.

கார் மாட்யூல்

நிசான் லீஃப் காரின் முதல் தலைமுறை பேட்டரி இதற்கு நல்ல உதாரணம். 24 யூனிட் பேட்டரி 48 மாட்யூலாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு மாட்யூலிலும் நான்கு பை வடிவ செல், இரண்டு தொடர், இரண்டு பக்க இணைப்பு. புதிதாக இருந்தபோது ஒரு மாட்யூல் அரை யூனிட், எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. ஏழு மாட்யூலைத் தொடரில் போட்டால் 14 செல் தொடர் கிடைக்கும், அப்படி இரண்டு வரிசை போட்டால் 14 மாட்யூல். 70 சதவீதம் மிச்சம் இருந்தால் 5 யூனிட். அங்கே 700 செல்லைச் சலித்தோம், இங்கே 14 பெட்டி!

எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்தது வேறு விஷயம். இந்த 14-ம் ஒரே காரில், ஒரே பிஎம்எஸ் கண்காணிப்பில், ஒரே மாதிரி சார்ஜ் ஏறி இறங்கி மூப்படைந்தவை. அந்தக் காரின் டேஷ்போர்டில் பேட்டரி ஆரோக்கியம் 12 கோடுகளாகத் தெரியும். பிரிப்பதற்கு முன்னால் எடுத்த டேஷ்போர்டு படத்தை விற்பவரிடம் கேளுங்கள். லீஃபுக்கு திரவக் குளிர்விப்பு கிடையாது என்பதால் வெயில் ஊரில் ஓடிய வண்டியின் மாட்யூல் அதிகம் தேய்ந்திருக்கும். அடிபட்ட வண்டி என்றால் பேட்டரிப் பெட்டி நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கியது என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மாட்யூலில் மூன்று முனைகள் உண்டு: பிளஸ், மைனஸ், நடுவில் ஒன்று. அந்த நடு முனையிலும் பிஎம்எஸ் கம்பியை மாட்டினால்தான் இரண்டு ஜோடி செல்லையும் தனித்தனியே பார்க்க முடியும். அதை விட்டுவிட்டு பிளஸ், மைனஸ் மட்டும் கொடுத்தால் பாதிக் கண் குருடு. காரில் இந்த மாட்யூல்கள் அடுக்கி, இரு பக்கமும் தகடு வைத்து இறுக்கப்பட்டிருக்கும். பை செல் உப்பாமல் இருக்க அந்தப் பிடிமானம் தேவை, வீட்டிலும் அதே மாதிரி இறுக்கித்தான் வைக்க வேண்டும்.

முழு கார் பேட்டரியை நீங்களே பிரிப்பதாக இருந்தால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். 96 செல் தொடரில், நிரம்பிய நிலையில் அது 400 வோல்ட் டிசி. பேட்டரியை நடுவில் துண்டிக்கும் செர்வீஸ் பிளக்கை உருவினாலும் இரண்டு பாதிகளும் உயிரோடுதான் இருக்கும். உயர் அழுத்தக் கையுறையும் பழக்கமும் இல்லாதவர்கள் பிரித்த மாட்யூலாக வாங்குவதுதான் சரி.

எல்லா கார் மாட்யூலும் லீஃப் மாதிரி பொருந்தாது. பழைய மாடல் எஸ் மாட்யூல் 6 செல் தொடர், இரண்டைச் சேர்த்தால் 12. நிரம்பினால் 50.4 வோல்ட். 42 வோல்ட்டில் நின்றுவிடும் இன்வெர்ட்டரோடு மாட்டினால் செல்லுக்கு 3.5 வோல்ட் இருக்கும்போதே கடை மூடிவிடும், உள்ளே இருப்பதில் ஒரு நல்ல பங்கு எடுக்க முடியாமலே நின்றுபோகும்.

எல்எஃப்பி பெட்டி செல்

லித்தியம் அயர்ன் பாஸ்பேட். பேருந்துகளிலிருந்தும் மின் சேமிப்பு நிலையங்களிலிருந்தும் கழிபட்டு வரும் செவ்வகப் பெட்டி செல்கள். ஒரு செல் 3.2 வோல்ட், 16 தொடரில் 51.2. லெட் ஆசிட் பேட்டரிக்காகச் செய்த 48 வோல்ட் இன்வெர்ட்டரோடு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒத்துப்போகும். ஈக்வலைசேஷனையும் (லெட் ஆசிட் பேட்டரிக்கு அவ்வப்போது வேண்டுமென்றே கூடுதல் வோல்ட்டேஜில் சார்ஜ் ஏற்றுவது) வெப்பத்துக்கேற்ப வோல்ட்டேஜை மாற்றும் வசதியையும் மட்டும் அணைத்துவிட வேண்டும். 150 ஆம்பியர் மணி செல் தேய்ந்து 110 ஆக நின்றாலும் 16 செல்லில் 5.6 யூனிட் வரும். பதினாறே செல், பதினாறே பிஎம்எஸ் கம்பி. பக்க இணைப்பே இல்லை என்பதால் எந்த செல் நொண்டுகிறது என்று நேராகத் தெரியும்.

இதன் குறை என்னவென்றால் வோல்ட்டேஜை வைத்து எதையும் சொல்ல முடியாது. கால்வாசி இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் 3.2, 3.3 என்றுதான் மீட்டர் காட்டும். அதனால் விற்பவர் “எல்லாம் ஒரே வோல்ட்” என்று காட்டுவதற்கு மதிப்பே இல்லை. முழுதாக நிரப்பி, முழுதாகக் காலி செய்து அளந்தால்தான் கொள்ளளவு தெரியும். ஓடும்போதும் எவ்வளவு மிச்சம் என்று அறிய ஷன்ட் (உள்ளே போகும், வெளியே வரும் கரண்ட்டை அளக்க உதவும் சின்ன மின்தடை) வைத்த மீட்டர் தேவை. க்யூஆர் குறியீட்டைச் சுரண்டிவிட்டு, முனையைப் பாலிஷ் போட்டு, புது செல் என்று விற்பதும் நடக்கிறது. முனையில் பழைய வெல்டிங் தடமும் வயிற்றுப் பக்கம் உப்பலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அலுமினிய முனையின் மேல் ஆக்சைடு படலம் சீக்கிரம் படியும். தேய்த்துச் சுத்தம் செய்து, உடனே பஸ்பாரை (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) வைத்து, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். ஒரு இணைப்பில் 5 மில்லி ஓம் தடை இருந்தாலே 60 ஆம்பியரில் அந்த ஒரு போல்ட்டில் 18 வாட் சூடாக வீணாகும். முழுச் சுமையை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு போல்ட்டையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பார்த்துவிட்டால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

தீப்பிடித்தால்

இந்த இடத்தில் மூன்றும் ஒன்றல்ல. லேப்டாப் செல்களில் பெரும்பாலும் இருக்கும் கோபால்ட் ஆக்சைடும், கார்களில் இருக்கும் நிக்கல், மாங்கனீசு வகைகளும் கடுமையாகச் சூடேறினால் தங்களுக்குள்ளிருந்தே ஆக்சிஜனை விடும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் ஒட்டி நிற்பதும் சூடாகி அதே வழியில் போகும். எல்எஃப்பி அதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும், ஆக்சிஜனை லேசில் விடாது. ஆனால் ‘தீயே பிடிக்காத பேட்டரி’ என்று அதை விற்பது தவறு. அத்துமீறிச் சார்ஜ் ஏறினால் அதுவும் எரியக்கூடிய வாயுவைக் கக்கும், மூடிய அறையில் அது தேங்கினால் வெடிப்புதான். எந்த வகையானாலும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு மாதிரி நச்சு இருக்கும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானால் ஜுவாலை ஒருவேளை அடங்கும், செல்லின் சூடு அடங்காது.

அதனால் படுக்கையறை, மாடிப்படிக்குக் கீழ், வாசல் வழி, மரச்சுவர் இவை எதுவும் பேட்டரிக்கு இடமில்லை. வீட்டை ஒட்டிய தனி அறை, எரியாத சுவர், புகை உணரும் அலாரம், பேட்டரி வாயிலேயே பெரிய ஷார்ட் கரண்ட்டை அறுக்கும் திறனுள்ள கிளாஸ் டி (Class T) ஃபியூஸ். ஏசிக்கான சாதாரண பிரேக்கரை டிசியில் மாட்டாதீர்கள், டிசி பொறி தானாக அணையாது. பழைய பேட்டரிகளைச் சோதித்துத் தரம் பிரிப்பதற்கென்றே யுஎல் 1974 என்ற தரநிலை 2018-ல் வந்திருக்கிறது. கையால் செய்த பேட்டரிக்கு அந்தச் சான்று இருக்காது. வீட்டுக் காப்பீடும் மின் இணைப்பு விதிகளும் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று செல் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நான் எதைத் தேர்வு செய்வேன்

வீட்டு மனிதர்கள் தூங்கும் கட்டடத்துக்கு என்றால், எங்கிருந்து வந்தது என்று தெரிந்த எல்எஃப்பி. அதற்கு அடுத்து ஒரே காரின் லீஃப் மாட்யூல்கள், அதுவும் வீட்டுக்கு வெளியே தனிப் பெட்டியில். 18650-ஐ வீட்டு அளவுக்குக் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளி கிடையாது. தோட்ட விளக்குக்கோ சின்ன பம்புக்கோ சில டஜன் செல்லில் ஒரு பெட்டி செய்யுங்கள், ஒவ்வொரு பாடமும் கையிலேயே தங்கும். ஆனால் கூட்டத்துக்குள் நோயாளியை மறைத்துவைக்கும் ஒரு அமைப்பை, சோதனையில் எவ்வளவு கறாராக இருந்தாலும், வீட்டோடு சேர்க்க எனக்கு மனம் வராது. பழைய எல்எஃப்பியின் வரலாறு கிடைக்கவில்லை, அதே நேரம் புது செல்லின் விலை அதிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை என்றால் புதுசையே வாங்குங்கள்.

எதைக் கட்டினாலும் பிஎம்எஸ் இல்லாமல் ஒருநாள்கூட ஓட்டாதீர்கள். முதல் சில வாரம் தினமும் உச்ச சார்ஜில் தொடரில் உள்ள ஒவ்வொரு செல்லின் (பக்க இணைப்பு இருந்தால் ஒவ்வொரு குழுவின்) வோல்ட்டேஜையும் குறித்து வையுங்கள். ஒன்று மட்டும் நாளுக்கு நாள் பின்தங்கினால், பிஎம்எஸ் தானே சமன் செய்து பேலன்ஸ் ஆகிவிடும் என்று காத்திருக்காமல் கழற்றிப் பார்க்க வேண்டும். உறைபனி விழும் குளிரில் சார்ஜ் ஏறாதபடி வெப்பநிலை உணரியையும் அமைத்துவிடுங்கள், பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படியும்.

கழித்த செல்களை ஒரு டப்பாவில் கொட்டி மூலையில் போடுவதுதான் பலரும் செய்வது. அது வேண்டாம். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, உலோகம் அல்லாத பெட்டியில் மணலோடு, வீட்டுக்கு வெளியே வைத்து, சேரச் சேர மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.