ஆவண வரிசையா, கேள்வி வரிசையா?

உள்ளூர் வம்சாவளித் தேடலுக்கான இணைய வழிகாட்டியை ஆவண வகைப்படி பிரிக்கலாம்: பிறப்புப் பதிவு, நிலப் பத்திரம், மக்கள்தொகைக் கணக்கு என்று. எழுதவும் திருத்தவும் சுலபம். ஆனால் புதிதாக வருபவருக்கு எங்கே தொடங்குவது என்றே புரியாது.

கேள்விப்படி பிரித்தால், ‘தாத்தா பெயர் தெரியும், ஊர் தெரியாது’ என்பவரை அங்கிருந்தே கூட்டிப்போகலாம். ஒரே பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருக்கும். எல்லை மாறியதால் பழைய பதிவேடு பக்கத்து மாவட்டத்தில் கிடக்கும். இதையெல்லாம் சொல்ல இதில்தான் இடம் கிடைக்கிறது. தலைவலி என்னவென்றால், ஒரே தகவல் பல பக்கங்களில் வரும்; ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவோம்.

சரி, என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். பதிவேட்டு விவரத்தை மட்டும் தனிப்பக்கத்தில் வைத்து, கேள்விப் பக்கங்களிலிருந்து இணைப்பு கொடுங்கள். அப்புறம், அந்தப் பதிவேடு எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.